டாக்டரம்மாவின் வகையறா

இப்போது எந்த வீட்டுக்குள்ளும் நர்சம்மாவாக நுழைகிறேன். நுழையும்போதெல்லாம், அறை வாசலை மறித்து நீண்டிருந்த ஒரு கை நினைவுக்கு வருகிறது. களை பறித்துக் காய்த்துப்போன கை. உலக யுத்தத்துக்கு முந்தைய கோடை. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. உள்ளே மருமகள் பிரசவ வலியில் துடிக்கிறாள், வாசலில் மாமியார். அந்த ஊர் மருத்துவச்சி என் அம்மா. பிள்ளை குறுக்கே கிடப்பதைத் தடவிப் பார்த்து, "இது என் கைக்கு அடங்காது" என்று மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியவள் அவள்தான். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவோடு நானும் வண்டியில் வந்து இறங்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைக்காரி என்ன சாதின்னு தெரியாம எப்படித் தொட விடுறது?" என்றார் மாமியார்.

"எனக்குச் சாதி இல்லை, அம்மா" என்றார் டாக்டரம்மா, புத்தகத்தில் படித்த தமிழில்.

"இல்லாதவள எப்படி உள்ள விட?" கை இறங்கவில்லை. உள்ளே முனகல் மெலிந்துகொண்டே போனது.

அப்போதுதான் அவருடைய குடும்பப் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. பாடர். அவர்கள் நாட்டில் அது ஒரு தொழிலின் பெயர் என்று, கட்டுத்துணி சுருட்டும்போது ஒருநாள் சொல்லியிருந்தார். ஊர்ப் பொதுக் குளிப்பறையை நடத்துவது, முகம் மழிப்பது, கெட்ட ரத்தம் இறக்குவது, பல் பிடுங்குவது, எலும்பு கட்டுவது எல்லாம் அந்தக் காலத்துப் பாடர்களின் வேலையாம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. சவரக் கத்தியோடு வீடுவீடாகப் போகும் என் அப்பாவும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவர்தான். ஆனால் அந்தத் தொழிலைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களையும் நான் மறக்கவில்லை. சொன்னால் கேவலமாகப் பேசித் துரத்திவிடுவார்களோ? வேறு வழி தெரியவில்லை. டாக்டரம்மாவின் குடும்பமும் சவரத் தொழில் செய்த குடும்பம்தான் என்று மாமியாரிடம் சொன்னேன்.

மாமியார் உள்ளே நின்ற என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் ஏந்தியது எங்கள் சனத்தின் கைதான்.

"ஏடி, ஒங்க சனமா இவ?"

"பின்ன? சீமைக்குப் போன வகையறாங்க ஆத்தா" என்றாள் அம்மா, கண் இமைக்காமல்.

"இத மொதல்லயே சொல்ல வாய் வலிச்சுச்சா? உள்ள கூட்டிட்டுப் போடி!"

கை இறங்கியது.

வெயில் சாய்வதற்குள் பிள்ளை அழுதது. தாயும் பிழைத்தாள். நான் கொல்லையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் மருத்துவச்சிக்குப் போடும் நெல்லை முறத்தில் எடுத்துக்கொண்டு மாமியார் கொல்லை வாசலுக்கு வந்தார். அம்மா முந்தானையை ஏந்தி வாங்கினாள். மாமியார் உள்ளே போய் இன்னொரு முறம் கொண்டுவந்தார். கவுன் போட்டிருந்த டாக்டரம்மா, அம்மாவின் முந்தானையைப் பார்த்தார். பிறகு வெயிலுக்கு வைத்திருந்த தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

"நெறையப் போடுங்க ஆத்தா" என்றாள் அம்மா. "எங்க ஆளு ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்கு."