அம்மாவுக்குப் பொய்யாக வாசித்துச் சொன்ன கடிதம்

போன வருடம் பெப்ரவரி மாதம், லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை எட்டு வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்கிறேன். கவுன்சில் வரி, காஸ் பில், அம்மாவின் இரத்தப் பரிசோதனை, பக்கத்து வீட்டு அங்கிளின் விசா, எல்லாமே என் வாயால்தான் தமிழாகும். அன்று வந்தது மட்டும் எனக்கு. உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சலிங்குக்கு, பெயர் கொடுத்துவிட்டு ஒன்பது மாதம் காத்திருந்தேன், கடைசியில் திகதி வந்துவிட்டது.

“என்னவாம், பிள்ளை?” என்று அம்மா வழக்கம்போலக் கேட்டார். “கண் டெஸ்ட்” என்றேன். யோசிக்கவே இல்லை.

காரணம் இருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் யாரோ ஒரு தடித்த புத்தகத்தைக் கை தவறிக் கீழே போட, அடுத்த கணம் நான் மேசைக்கடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்றே தெரியாது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பரீட்சை மண்டபத்தில் மூச்சு விட முடியாமல் எழும்பி ஓடியபோது சிரிப்பு வரவில்லை. அப்படித்தான் ஜிபியிடம், எங்கள் குடும்ப டொக்டரிடம், போனேன். வீட்டில் சொன்னால் “மண்டைக்குச் சுகமில்லாத பெட்டை” என்று ஊர் கதைக்கும் என்பார்கள்.

பொய் சொன்னபோது அம்மாவின் சுபாவத்தை மறந்துவிட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டால் தனியாக றோட்டுக் கடக்க ஏலாது என்று ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடவே வெளிக்கிட்டார். எனக்காகத் தன் கறுப்புக் கண்ணாடியும் வழியில் சாப்பிட ஒரு பெட்டி ரோல்ஸும் வேறு. பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கினால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் மாதக்கணக்கில் நிற்கவேண்டும். இறங்கவில்லை.

காத்திருக்கும் அறையில் பல மொழிகளில் துண்டுப் பிரசுரங்கள் அடுக்கியிருந்தார்கள். தமிழைக் கண்ட சந்தோஷத்தில் அம்மா ஒன்றை எடுத்தார். சிறுவயதில் உங்களை அடித்தார்களா, பயமுறுத்தினார்களா, அது இன்னும் உங்களை விடாமல் துரத்துகிறதா என்று அதில் கேட்டிருந்தது. அம்மா கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு நாலாக மடித்தார்.

“இது கண் ஆஸ்பத்திரி இல்லை, என்ன?”

“இல்லையம்மா.”

“வீட்டுக் கதையை வெள்ளைக்காரருக்குச் சொல்லப் போறியோ?”

அங்கே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. ஆனாலும் அம்மாவின் குரல் தணிந்துதான் வந்தது. யுத்தத்தில் அப்பா பட்ட பாடு, ஜெர்மனியில் கோப்பை கழுவிய காலம், என்னைப் படிக்கவைக்க இரண்டு வேலை பார்த்தது, எனக்குப் பதினாறு வயதானபின் கையே நீட்டாதது, ஒவ்வொன்றாகச் சொன்னார். இவற்றையெல்லாம் சொல்லித்தான் நானும் இத்தனை வருடம் என்னைச் சமாளித்தேன்.

“எல்லாம் உண்மையம்மா. பெல்ட்டும் உண்மை.”

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா என் கோட்டுக் கையைப் பிடித்தார். “ஓம், சொல்லத்தான் போறன்” என்று விடுவித்துக்கொண்டு எழும்பினேன். உள்ளே போனேன்.

வீட்டில் என்ன நடந்தது என்று உளவளத்துணை செய்யும் பெண் கேட்டார். ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் என் ஆசிரியையும் இதையேதான் கேட்டார். அப்பா பக்கத்தில் இருந்தார். கேள்வியை அவருக்குத் தமிழில் சொன்னது நான். “ஒரு பிரச்சினையும் இல்லை” என்ற அவருடைய பதிலை ஆங்கிலத்தில் சொன்னதும் நான். ஆசிரியை தலையாட்டிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டார். ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கலாம். ஐந்து நிமிடம் என்னைத் தனியாக வைத்துக் கேட்டிருக்கலாம். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்க எனக்குப் பதின்மூன்று வருடம் எடுத்தது.

சொன்னேன். ஐம்பது நிமிடத்தில் மாயம் ஒன்றும் நடக்கவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தால் அம்மா அதே கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் பஸ் தரிப்புக்கு நடந்தோம். பிறகு மெல்லக் கேட்டார்.

“என்னைப் பற்றியும் சொன்னனியோ?”

“ஓம்.”

“யன்னல் பூட்டினதையுமோ?”

அப்பா பெல்ட்டை எடுத்தால் அம்மா முதலில் ஓடுவது யன்னல்களைப் பூட்டத்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது. அதை அவர் மறந்துவிட்டார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“அதைத்தான் முதல் சொன்னனான்.”

பஸ் வந்து நின்று போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சந்திப்பு எப்போது என்று கேட்டார். வாற செவ்வாய், பத்தரைக்கு என்றேன்.

“எனக்கு ஷிப்ட். நீ தனியப் போ. கொப்பர் கேட்டால் எங்கை போனதெண்டு நான் சொல்லுறன்.”

சொல்லவும் செய்தார். அப்பா மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கட்டும் என்று ஒரு செவ்வாயும் தவறாமல் போய்வந்தேன். இப்போது பரீட்சை மண்டபத்தில் முழு நேரமும் இருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்ப மானத்தை நான் வெளியே கொண்டுபோய்விட்டேன் என்று சொந்தங்களில் சிலர் கதைப்பதாகக் கேள்வி. அதைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் முதுகு தேவைப்பட்டதென்றால், அந்த மானம் போனதே நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.