நாடகத்துக்கு வாங்கிய குடம்

எங்கள் தோட்டத்தில் மேடை ஏறிய முதல் பொம்பளை நான்தான். அதுவரை ஆண்களே மீசையை வழித்துக்கொண்டு பெண் வேஷம் கட்டினார்கள். அந்த வருஷம் மீசையை வழிக்க யாரும் சம்மதிக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலையில் இருந்த எனக்கு வாய் நீளம் என்பது ஸ்கூல் மாஸ்டருக்குத் தெரியும். "இந்த வாய் இருந்தா போதும்மா, நடிப்பு தானா வரும்" என்று எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து கேட்டார். நான் சரி என்றதும் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு அப்படி நிம்மதியாக இருந்ததே இல்லை.

நாடகம் ஒரு பழைய சிரிப்பு நாடகம். எந்தத் தேசத்துக் கதையோ, மாஸ்டர் எங்கேயோ படித்துவிட்டு எங்கள் ஆட்களுக்குத் தோதாக மாற்றி எழுதியிருந்தார். தான் செத்தால் யார் உண்மையாக அழுவார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு, செத்தது போலப் படுத்துக்கொள்கிறான் ஒரு சந்தேகப் பிராணி. பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவள் அழாமல், "சட்டுபுட்டுன்னு எடுங்க, மழை வரப்போகுது" என்று அவசரப்படுத்துகிறாள். தூக்கினால் வீடு தனக்கு வரும் என்று மச்சான்காரன் கொள்ளிக்குடத்தைத் தூக்க அடித்துக்கொள்கிறான். நான் பெண்டாட்டி. மச்சான் வேஷம் மாஸ்டருக்கு. செத்தவன் வேஷம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவருக்கு.

அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் கட்டவில்லை, கூத்தைத்தான் கட்டியிருக்கிறார் என்று மலையில் கிண்டல் செய்வார்கள். விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகும்போதே வசனம் பேசிக்கொண்டு போவார். மேடையில் எனக்குப் புருஷன், இறங்கினால் அண்ணன். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் கூடப் பிறந்த அண்ணன் ஒருவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேற்கணக்கில் இருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். அவர்களுடைய அம்மா செத்தபோது தம்பிக்காரர் தெரணியகலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் ஆடப் போயிருந்தார். எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன்தான் குடம் தூக்க வேண்டும். ஆள் அனுப்பியும் தம்பி வரவில்லை என்று அண்ணன்காரர் தானே குடத்தைத் தூக்கினார். மறுநாள் தம்பி வந்து சேர்ந்தபோது மண் மூடியாயிற்று. "ஒன் சாவுக்கு நா வரமாட்டேன், என் சாவுக்கு நீ வராத" என்று அண்ணன்காரர் குழிமேட்டில் நின்று சத்தியம் பண்ணிவிட்டார். எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கடுமையான பேச்சு கிடையாது. தன்னிடம் யாரும் வந்து சொல்லவே இல்லை என்று தம்பிக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் அவர் அண்ணனுக்கு ஆள் மூலம் அழைப்பு அனுப்புவார். ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. ஒத்திகை முடிந்து ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கை தட்ட வேணாம் தங்கச்சி. ஓரத்துல ஒரு நாழி நின்னு பாத்துட்டுப் போனாக்கூடப் போதும்." இவ்வளவு சிரிக்க வைக்கிற மனுஷன் ஒரு அண்ணனிடம் இப்படித் தொங்குகிறாரே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஒத்திகையில் சாவுக் காட்சிக்கு பிஸ்கட் தகரத்தைத்தான் தட்டினோம். செத்த வீடு இல்லாத இடத்தில் தப்பு மேளத்தில் சாவு அடி அடிக்கக் கூடாது. அந்த அடி கேட்டால் எந்தக் கணக்கில் இருந்தாலும் ஆட்கள் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவார்கள். தப்பு அடிக்கிறவரும் அதில் கண்டிப்பானவர். "நாடகத்தன்னைக்கி சாமி அடி அடிச்சு சமாளிச்சிக்கிறேங்க" என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். குடம் மட்டும் உண்மையான மண்குடம். ருவான்வெல்லைச் சந்தையில் வாங்கி வந்தது. நாடகத்தன்று மாஸ்டர் கையில் உடைய வேண்டியது என்பதால் ஒத்திகையில் அதை யாரும் தொடக் கூடாது என்று சட்டம்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள். தமிழ் ஆட்கள் நாலு பேர் கூடினாலே என்ன ஏது என்று கேட்ட காலம் அது. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் ஸ்டோர்ப் பலகைகளை அடுக்கி மேடை போட்டு, சேலைகளைத் தைத்துத் திரை கட்டினோம். கூட்டம் நெருக்கியடித்தது. பொம்பளை ஆடுகிறாள் என்று பார்க்க வந்ததே பாதிக் கூட்டம். எங்கள் அம்மா முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார், யாருக்கும் அடையாளம் தெரியாதாம்.

சாவுக் காட்சிக்குத் திரை திறந்தது. நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. தம்பிக்காரர் தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார். கால் பெருவிரல் இரண்டையும் கட்டி, கைகளையும் கட்டி, தாடையைச் சுற்றி வாய்க்கட்டு, நெற்றியில் காசு, தலைமாட்டில் விளக்கு. தப்புக்காரர் நிமிர்ந்து அந்த உடம்பைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் கையிலிருந்து சாவு அடி கிளம்பியது. எத்தனையோ செத்த வீடு பார்த்த கை. அப்படி ஒரு கிடப்பைக் கண்டதும் தானாகப் போய்விட்டது. மாஸ்டர் திரைக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டி நிறுத்துவதற்குள் அந்த அடி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் நடந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். ரோட்டோரம் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி அந்த நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கு எங்கள் வசனம் புரியாது. ஆட்டத்துக்கு நடுவே ஆள் விழுந்து செத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு, பாவம், ஓடிப்போய்ச் சாவுக்கு மரியாதையாகக் கடைப் பலகையில் பாதியை மூடியிருக்கிறார். சாவு அடியைக் கேட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடி வந்த அண்ணன்காரர், யார் செத்தது என்று அவரிடம்தான் கேட்டிருக்கிறார். "ஒயாகே மல்லி மெரிலா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார் முதலாளி. உன் தம்பிதான் செத்தான் என்று சொன்ன பிறகு, அந்த மனுஷன் என்னத்தைக் கேட்டிருப்பார்?

மேடையில் நான், "மழை வரப்போகுது, எடுங்க" என்று சொல்லி முடித்திருந்தேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். சட்டை இல்லை, சாரத்தை மடித்துக் கட்டியபடி. பலகை அதிர மேடையில் ஏறி, "தம்பி!" என்று கத்திக்கொண்டு பிணத்தின் மேல் விழுந்தார். புது ஆள் ஒருவரைக் கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று சனம் கை தட்டியது. மாஸ்டர் ஆளைச் சரியாகப் பார்க்காமலே தன் வசனத்தை எடுத்துவிட்டார். "அழுதது போதும்யா, கொடத்த நாந்தான் தூக்குவேன்!" விசில் பறந்தது.

நான் வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். வசனம், அடுத்து யார் பேச வேண்டும், எல்லாம் மறந்தது. எழுந்திருங்கள் அண்ணே, எழுந்துவிடுங்கள் என்று மனசுக்குள் கத்துகிறேன், வாயில் காற்றுக்கூட வரவில்லை. என் நீள வாய் அன்றைக்குத்தான் காலை வாரியது.

கட்டிப் போட்டிருந்தாலும் தம்பிக்காரர் கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடுவதை நான் பார்த்தேன். அண்ணன்காரர் பார்க்கவில்லை. அவர் தம்பியின் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு கதறினார்.

"நா ஒனக்கு ஆளே அனுப்பலடா! அனுப்புனேன்னு ஊரெல்லாம் பொய் சொன்னேன். அம்மா போற நேரத்துல ஒன்னையத்தான் கேட்டுச்சு. கூத்தாடிப் பய கையால அம்மாவுக்குக் கொடம் எதுக்குன்னு நாந்தான்டா... நாந்தான் தடுத்துட்டேன்."

சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் வரை அணைந்து போனது. யாரோ ஒரு பிள்ளையை "சூ" என்று அடக்கினார்கள். இத்தனை வருஷம் ஒரு மனுஷனை, பெத்த தாய் சாவுக்கு வராதவன் என்று நாங்கள் எல்லோரும் பேசியிருக்கிறோம்.

அப்போதுதான் தம்பிக்காரர் கண்ணைத் திறந்தார். அண்ணன்காரர் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். பலகையில் கையை ஊன்றியபடி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்த அந்த நிமிஷத்து முகத்தை எதிரிக்கும் காட்டக் கூடாது. நான் எப்படியோ குனிந்து வாய்க்கட்டை அவிழ்த்தேன், பிறகு கைகளை. முடிச்சு வராமல் பல்லால் கடித்து இழுத்தேன்.

தம்பிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றிக் காசு உருண்டு போனது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா என்னன்னு கேட்டுச்சு?"

அண்ணன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சின்னவன் இன்னைக்கி என்ன வேஷம்னு கேட்டுச்சு."

தம்பிக்காரர் விளக்கைப் பார்த்தார். "கோமாளி" என்றார். அண்ணனுக்குச் சொன்னது போல இல்லை.

பிறகு குனிந்து கால் கட்டைத் தானே அவிழ்த்தார். மேடை ஓரத்தில் இருந்த குடத்தை எடுத்து, வாளித் தண்ணீரை அதில் ஊற்றினார். தோளில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, ரப்பர் மலைக்குள்ளே புதைகாட்டுக்குப் போகிற பாதையில் நடந்தார். அதைத் தொடாதே என்று சொல்லக்கூடிய ஒரே ஆளான மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அது விளையாட்டுக் குடம். அவருடைய அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஐயரும் இல்லை, நாள் நட்சத்திரமும் பார்க்கவில்லை. இப்படியெல்லாம் செய்யலாமா என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

குடம் தூக்குகிறவன் சுற்றி வரும்போது பின்னால் ஒருவர் நின்று கத்தியால் கொத்தி அதில் ஓட்டை போட வேண்டும். சொந்தக்காரர் செய்கிற வேலை அது. தம்பிக்காரர் பாதையில் நின்று திரும்பினார். "வாண்ணே, கொத்துறதுக்கு ஆள் வேணும்" என்றார். அவ்வளவுதான். அண்ணன்காரர் எழுந்தார். மேடையை விட்டு இறங்கினார். ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். தப்புக்காரர் மட்டும் தயங்கி நின்று, அண்ணன்காரரிடம் கேட்டார்: "இப்ப அடிக்கலாமுங்களா?"

அண்ணன்காரர் சரி என்று தலையை ஆட்டினார்.

பொம்பளைகள் புதைகாட்டுக்குப் போவதில்லை. நான் தாலியைக் கழற்றத் தயாராக நிற்கிற பெண்டாட்டி வேஷத்தில் மேடையிலேயே நின்றேன். மரங்களுக்குள்ளே சாவு அடி போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து சிங்கள முதலாளி ஒரு பை சீனியும் தேயிலைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். செத்த வீட்டுக்குக் கொண்டுவருகிற சாமான். ஆளைக் காணாமல் திகைத்து, வேஷத்துக்காக வெள்ளைச் சேலை கட்டிய என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் நீட்டினார். நாடகம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

என் அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். "நிக்காத. போனவங்க வந்துருவாங்க. கால் கழுவத் தண்ணி எடுத்து வையி."