ஒரு தகர ஒற்றும் என் வலது தோளும்

நோயை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, கூடைதான். மாசி மாதத்தில் ஒரு காலை, நானும் என் மனைவி அஞ்சலையும் கரும்புக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். குட்டையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கயிறாகப் பிடித்து, இறைகூடையைத் தாழ வீசி மொண்டு மேட்டில் கொட்ட வேண்டும். இருவர் வீச்சும் ஒன்றாக இருந்தால்தான் கூடை சமமாக எழும். அன்று அது என் பக்கம் சாய்ந்து, பாதித் தண்ணீர் குட்டைக்கே திரும்பியது.

"இன்னாய்யா, கூட சாயுது? கையால தூக்காத. இடுப்பத் திருப்பு," என்றாள் அஞ்சலை.

இடுப்பைத் திருப்பினேன். கூடை மறுபடியும் சாய்ந்தது. வலி என்று சொல்லும்படி அப்போது ஒன்றுமில்லை. வலது கை ஓர் உயரத்துக்கு மேல் போக மறுத்தது, அவ்வளவுதான். பங்குனி பிறந்தபோது அந்தக் கையால் தலை துவட்ட முடியவில்லை. வலப்பக்கமாகப் படுத்தால் தோளுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படிக் கை தலைக்கு மேல் போகாமல் நின்றுபோயிருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எப்படியெல்லாம் குழம்பக் கூடாது என்று சொல்ல நிறையவே உண்டு.

ஊரில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். வாயு என்றார்கள், சுளுக்கு என்றார்கள், நரம்பு செத்துவிட்டது என்றும் ஒருவர் சொல்லிவிட்டுச் சாவதானமாக வெற்றிலை போட்டார். அத்தனை எண்ணெயும் தடவி, வீடே செக்கு மாதிரி நாறியது. அஞ்சலையின் தம்பி கோவிந்தன் கரையாம்புத்தூரிலிருந்து வந்து என் கயிற்றைப் பிடித்தான். அவனும் அவளும் இறைக்கும்போது கூடை தாம்பாளம் மாதிரி சமமாக எழுந்தது. மச்சான் நல்லவன்தான். இருந்தும் அந்தக் கூடையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எதிரே நிற்கிற இடம் என்னுடையது.

எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. சித்திரையில் பாகூர் மருந்துச் சாலைக்குப் போனேன். வியாழக்கிழமைதோறும் பட்டணத்திலிருந்து ஒரு பிரெஞ்சு டாக்டர் வருவார். அவருக்குத் தமிழ் வராது. அவர் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்வது கம்பவுண்டர் சவரிராயன். டாக்டர் என் கையை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"நரம்பு நல்லாத்தான் இருக்குதாம்பா. மூட்டு உறை இறுகிப் போச்சாம்," என்றார் சவரிராயன். (மூட்டு உறை என்பது எலும்புகள் சேரும் இடத்தைப் பொதிந்திருக்கும் சவ்வு. அது தடித்துச் சுருங்கினால் கை சிறைப்பட்டுவிடும்.) "தைலம் வாணாம். வீசிப் பழகணுமாம். சாயங்காலம் ஏரிக்கு வா, காட்றாராம்."

கோடையில் வற்றிய பாகூர் ஏரிக்குள் டாக்டர் ஓர் ஆட்டம் ஆடுவார். நுனி வளைந்த நீளமான மட்டையால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்துவிட்டு, அதைத் தேடி அவரே நடப்பார். கோல்ப் என்று பெயராம். பந்து தொலைந்துவிட்டால் கரையில் கிடக்கும் புன்னைக் காயை வைத்து அடிப்பார். நானும் அஞ்சலையும் போனபோது என் இடது கையை ஒரு கல்லில் ஊன்றிக் குனியவைத்து, வலது கையில் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்துத் தொங்கவிட்டார். எதிரே ஒரு பனைமரத்தைக் காட்டினார்.

"தூ துருவா," என்றார்.

"எல்லாம் வலது பக்கமா வீசணுமாம்," என்றார் சவரிராயன்.

எனக்குச் சந்தேகம் வந்தது. பனை எதிரே அல்லவா இருந்தது? ஆனால் உடனே டாக்டரே தம் பந்தை அடித்துக் காட்டினார். பனையைப் பார்த்துப் புறப்பட்ட பந்து பாதி வழியில் வளைந்து வலது பக்கத்துப் புதருக்குள் போனது. "துருவா! துருவா!" என்று அவர் அதன் பின்னால் கத்தினார். பந்து வலப்பக்கம் போகிறது, அவரும் துருவா என்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு பிரெஞ்சுச் சொல் கற்றுக்கொண்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று முதல் காலையும் மாலையும் குனிந்து நின்று கையை வலது வெளிப்பக்கமாக வீசினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வலித்தால் மருந்து வேலை செய்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வியாழன் வீசிக் காட்டியபோது டாக்டர் தலையில் கை வைத்தார். "நோன்! தூ துருவா!"

"பத்தலியாம். இன்னும் வலது பக்கமாம்," என்றார் சவரிராயன்.

இன்னும் வலது பக்கம் வீசினேன். மறு வியாழன் அவர் என் கையைப் பிடித்து நேரே முன்னால் ஆட்டிக் காட்டினார். "அது ஆரம்பமாம். அங்கேருந்து வலது பக்கம் போவணும்," என்றார் சவரிராயன். வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு ஏது நேரம்?

"யாரு வலது பக்கம்? அவரு எதிர்ல நிக்கிறாரு. அவரு வலது உனுக்கு இடது," என்று அஞ்சலை ஒரு புதுக் குழப்பத்தைக் கிளப்பினாள். இரண்டு நாள் இடது பக்கமும் வீசிப் பார்த்தேன். அதுவும் சொர்க்கமாக இல்லை.

வைகாசி முடிவில் கை இடுப்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. சட்டையை அஞ்சலைதான் மாட்டிவிட்டாள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். சொன்னபடி செய்கிறேன், செய்யச் செய்ய மோசமாகிறது. அப்படியானால் தப்பு என் உடம்பிலா, புத்தியிலா? கை என்னுடையதா என்றுகூடச் சில காலைகளில் தோன்றியது. அதை மடியில் வைத்துக்கொண்டு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்ப்பேன்.

கடைசியில் டாக்டர் கைவிட்டார். ஆனி முதல் வாரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் குளோரோபார்ம் (மூக்கில் காட்டி நினைவிழக்கச் செய்யும் மருந்து) கொடுத்து, இறுகிய தோளை வலுவில் திருப்பி விடுவிப்பது என்று ஏற்பாடு. எலும்பு முறிந்தாலும் முறியலாமாம். முறிந்தால் கயிறு பிடிக்கும் பேச்சே இனி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, அஞ்சலை கேட்காமலே என் துண்டை மடித்து மூட்டையில் வைத்தாள்.

கோவிந்தன் வண்டி ஓட்டினான். பட்டணத்துக்குள் நுழைந்ததும் ஒரு முனையில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நின்றார். வழி கேட்டோம்.

"ஆஸ்பத்திரிதானே? தூ துருவா போ," என்றார் பட்டணத்து மிடுக்கோடு.

வண்டியில் பிரெஞ்சு தெரிந்தவன் நான்தானே! "வலது பக்கம் ஒடிடா கோவிந்தா," என்றேன். ஒடித்தான். கொஞ்ச தூரத்தில் சக்கரம் மணலில் புதைந்தது. எதிரே கடல்.

போலீஸ்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "யோவ், காது செவுடா? துருவான்னா நேரா! வலது பக்கம்னா துருவாத்! கடலுக்குள்ளயா ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்காங்க?"

அஞ்சலைதான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப இத்தினி நாளா அந்த மனுசன் நேரா வீசு, நேரா வீசுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரா?"

ஒரு 'த்'. என் தோளைத் தின்றது அதுதான். முதலில் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. வண்டி மாடுகூடத் திரும்பிப் பார்த்ததாகக் கோவிந்தன் இன்றும் சொல்கிறான்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த கன்னியாஸ்திரீ ஒருவரிடம் அஞ்சலை எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னை வீசிக் காட்டச் சொன்னார். நான் என் 'துருவா'வை வீசினேன். அவர் முகம் சிவந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குளோரோபார்ம் புட்டி அலமாரிக்குள் திரும்பிப் போனது. ஆடி கழியும்வரை நேராக வீசு, கை தோளுயரம் வராவிட்டால் பார்ப்போம் என்றார்.

சவரிராயன் வீடு தேடி வந்தார். மூன்று வருஷம் பள்ளியில் படித்த பிரெஞ்சு. மீதி எல்லாம் காதால் பிடித்தது. "மன்னிச்சுடுப்பா. கடைசில 'த்' இல்லாதது காதுல வியல," என்றார். கோபம் இருந்தது எனக்கு. ஆனால் நான் மட்டும் என்ன, பனைமரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வலது பக்கம் வீசியவன். அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னேன்.

நேராக வீசுவது முதலில் ஒன்றுமே செய்யாதது போல இருந்தது. வலிக்கவில்லை, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அஞ்சலை எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். கை விலகினால் "சாயுது" என்பாள், தோளைத் தூக்கினால் "இடுப்பு" என்பாள். ஆடி நடுவில் ஒரு நாள் அவள் பேசவே இல்லை. ஏன் என்று நிமிர்ந்தேன். மட்டையின் நுனி என் தோளுயரத்தில் இருந்தது.

அந்த வியாழன் ஏரியில் டாக்டர் மறுபடி அடித்தார். பந்து பழையபடி வலது பக்கம் வளைந்தது. "துருவா!" என்று கத்தினார். இப்போது எனக்கு அர்த்தம் தெரிந்தது. பாவம், இவ்வளவு நாளும் அவர் பந்திடம் கெஞ்சியிருக்கிறார். பந்துக்கும் சவரிராயனின் பிரெஞ்சுதான் போல.

அஞ்சலை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "கம்பவுண்டரய்யா, டாக்டரு முசே கையாலயே தூக்குறாரு. இடுப்பு திரும்பலன்னா எங்க கூடயும் சாயும், அவரு பந்தும் சாயும். சொல்லுங்க. இந்த வாட்டியாவது சரியா சொல்லுங்க."

சவரிராயன் ஒவ்வொரு சொல்லையும் முட்டை மாதிரி எடுத்து வைத்தார். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் வெறுங்கையால் கூடை வீசிக் காட்டினாள். அவர் ஒரு புன்னைக் காயை வைத்து, இடுப்பைத் திருப்பி அடித்தார். இரண்டு காய் மண்ணில் புதைந்தன. மூன்றாவது எழும்பி, வளையாமல் போய்ப் பனைமரத்தில் டொக்கென்று மோதியது.

"தூ துருவா," என்றோம் நான்கு பேரும்.

தை மாதம் கோவிந்தன் ஊருக்குத் திரும்பினான். நான் என் கயிற்றைப் பிடித்தேன். பழைய கை திரும்பி வந்தது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். மேலே போகும்போது ஓரிடத்தில் அது ஒரு கணம் நிற்கிறது, ஏதோ கேட்டுவிட்டுப் போவது போல. முன்பெல்லாம் கை இருப்பதே எனக்குத் தெரியாது. வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு கூடைக்கும் அந்த ஒரு கணம் உண்டு. அப்போது எதிரே அஞ்சலை தன் கயிற்றை இறுக்கி, முழு கனத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

முதல் கூடை மேட்டில் கொட்டியதும் கேட்டேன். "இன்னா அஞ்சல, நேரா வருதா?"

"நேராத்தான் வருது," என்றாள். "கொஞ்ச நேரம் கயிச்சு வருது."

நான் அடுத்த கூடைக்குக் குனிந்தேன்.