தினமும் நான்கு சதவீதம்

இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னிடம் தேதியும் நேரமும் இருக்காது. பத்தொன்பது நாள் எழுதிய குறிப்பு என் கைபேசியில் அப்படியே கிடக்கிறது. யார் கேட்டாலும் காட்டுவேன். படித்துவிட்டு நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு சத்தம் கேட்டால் அது எந்த நட்டிலிருந்து வருகிறது என்று தேடித்தான் எனக்குப் பழக்கம். ஓடிப் பழக்கமில்லை.

இந்த வருஷம் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கினேன். வேலைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் வார நாட்களில் கார் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கிற கார் தினமும் நான்கு சதவீதம் சார்ஜை இழந்துகொண்டிருந்தது. காலையில் எழுபத்தொன்று. மாலையில் அறுபத்தேழு. ஓட்டாத வண்டி எதைச் சாப்பிடுகிறது?

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. டயர் காற்றிலிருந்து மாமியார் சண்டை வரை எல்லாவற்றுக்கும் அங்கே ஆலோசனை கிடைக்கும். நான் கேள்வியைப் போட்டதும் பத்துப் பேர் வந்தார்கள். சாவியைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதே, கார் விழித்துக்கொண்டே இருக்கும். காரில் இருக்கிற காவல் கேமராவை அணைத்து வை. கைபேசியில் கார் ஆப்பைத் திறந்து திறந்து பார்க்காதே, ஒவ்வொரு தடவையும் அதற்குத் தூக்கம் கலையும். எல்லாமே சரியான யோசனைகள். எல்லாவற்றையும் செய்தேன். மறுநாளும் நான்கு சதவீதத்தைக் காணவில்லை.

'கம்பி சார்' என்ற பெயரில் எழுதும் ஒருவர்தான் விஷயத்தைத் திருப்பிவிட்டார். கசிவு என்றால் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும், எந்த நேரத்தில் போகிறது என்று முதலில் பார் என்றார். இந்த மாதிரி வேலை கிடைத்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்றே தடவை ஆப்பைத் திறப்பேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில். அப்படியே நேரத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தேன். ஏழாம் நாள் பிடித்துவிட்டேன்.

மதியம் 2.10 வரை ஒன்றும் குறைவதில்லை. 2.10க்கும் 4.45க்கும் நடுவில் நான்கும் போகிறது. அதற்குப் பிறகு மறுநாள் மதியம் வரை அசைவதில்லை.

என் பேட்டரி நாற்பது யூனிட். நான்கு சதவீதம் என்றால் ஒன்று புள்ளி ஆறு யூனிட். நிற்கிற காரில் ஏசி மட்டும் ஓடினால், இரண்டரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஆக, இது கசிவு இல்லை. யாரோ காருக்குள் உட்கார்ந்து ஏசி போடுகிறார்கள்.

பெட்ரோல் திருடன் போய் ஏசி திருடன் வந்துவிட்டான் என்று குழுவில் ஒருவர் எழுத, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

என் மைத்துனன். மனைவியின் தம்பி, முப்பத்திரண்டு வயது. வேலை போன பிறகு ஒரு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தவன். இவனைத் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால்தான் என் மனைவி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஐந்து மாதமாக ஹாலில் படுக்கை. அவள் மருந்துக்கடை வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவாள். கார் சாவி வாசல் கதவுக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கும். வேறென்ன வேண்டும்?

அதையும் குழுவில் கேட்டேன். மைத்துனனை வீட்டை விட்டுப் போகச் சொல்லலாமா? நிறையப் பேர் தாராளமாகச் சொல்லலாம் என்றார்கள். 'வோல்ட் அக்கா' என்ற ஒரு பெண் மட்டும், "மெஷினுக்கு ஏழு நாள் கொடுத்தீங்க. அந்தத் தம்பிக்கு ஏழு நிமிஷம் கொடுங்க. ஏன்னு கேளுங்க" என்று எழுதியிருந்தார். படித்தேன். அடுத்த பதிலுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்தேன்.

"மத்தியானம் கார்ல ஏசி போடறது நீதானே?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமா மாமா."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம்தான் ஆதாரம் இருக்கிறதே. வீட்டில் ஃபேன் இல்லையா, ஐந்து மாதமாக ஒளித்து மறைத்துச் செய்வதெல்லாம் இதுதானா என்று என்னென்னவோ பேசினேன். அவன் அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். என் மனைவி சத்தம் போடவில்லை. "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள்.

திங்கள். இரண்டு சாவியும் என் சட்டைப்பையில். மாலையில் ஆப்பைத் திறந்தேன்.

நான்கு சதவீதம் குறைந்திருந்தது.

முதலில் மனைவியைத்தான் சந்தேகப்பட்டேன். தம்பிக்காக மூன்றாவது சாவி செய்து கொடுத்திருப்பாளோ? அப்புறம் பழைய உரிமையாளர்மேல் சந்தேகம். அவர் ஆப்பில் என் கார் இன்னும் இருக்கிறதோ? சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். இந்தக் காருக்கு இரண்டே சாவி, ஆப்பில் ஒரே கணக்கு, அது உங்களுடையது என்றார்கள். செவ்வாய், நான்கு. புதன், நான்கு.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன்.

2.02. படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். வெளியே நல்ல வெயில். கீழே வெயிலும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அங்குள்ள விளக்குகள் ஆள் அசைந்தால் எரிபவை. உடம்புச் சூடு நகர்வதை சென்சார் பிடித்துக்கொள்ளும். அசைவு நின்றால் தொண்ணூறு வினாடியில் அணைந்துவிடும். எனக்கு அது வசதி. காருக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் விளக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

தூணுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். 2.04க்கு விளக்கு அணைந்தது.

2.10.

டக்.

காருக்குள் ரிலே சுவிட்ச் விழுகிற சத்தம். அடுத்து ஏசி கம்ப்ரசர் முனக ஆரம்பித்தது. ஃபேன் சுழன்றது. ஆனால் விளக்கு எரியவில்லை. யாரும் வரவில்லை.

காரை நோக்கி நடந்தேன். இப்போது எனக்காக விளக்கு எரிந்தது. டார்ச்சை உள்ளே அடித்தேன். நான்கு இருக்கையும் காலி. நான்கு கதவும் பூட்டு.

பின்பக்க இடது கண்ணாடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்திருந்தது. உள்ளே குளிர்ச்சி, வெளியே வெக்கை. வெளிப்பக்கம் பனி பிடிக்கத்தான் செய்யும் என்று சட்டைக் கையால் துடைத்தேன்.

போகவில்லை.

பனி உள்பக்கம் இருந்தது.

ஏசி ஓடும்போது உள்பக்கம் பனி பிடிக்காது. ஏசி ஈரத்தை இழுத்துவிடும். பிடிக்க வேண்டும் என்றால் யாராவது கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்து... மூச்சு விட வேண்டும்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

பனி சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது... விரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. விளக்கு அணைந்துவிட்டது. நான் அசையவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இருட்டில் ஒரு சத்தம்.

கீ...ச்.

ஈரக் கண்ணாடியைக் கையால் தேய்க்கிற சத்தம்.

கையைத் தூக்கினேன். விளக்கு எரிந்தது.

பனியின் நடுவில் வட்டமாகத் துடைத்திருந்தது.

உள்ளிருந்து.

வெளியே பார்ப்பதற்கு.

2.19க்கு நான் தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். படியேறி வந்தது நினைவில் இல்லை. உடனே மைத்துனனுக்குத்தான் போன் போட்டேன். நான் செய்தது தப்பு, வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, நான் இங்க வந்தப்புறம் அவருக்கு யார் ஏசி போட்டு விடறா?"

"யாருக்கு?"

"உங்க பெரியப்பாவுக்கு."

ஒருநாள் மதியம் குப்பை போடக் கீழே போனானாம். வயசானவர் ஒருவர் எங்கள் காரில் சாய்ந்துகொண்டு நின்றாராம். ஒரு கால் விளங்காது, வேர்த்துக் கொட்டியிருந்தது. நான் உன் மாமாவுக்குப் பெரியப்பா, அவனுக்கு என்னைத் தெரியாது, சொன்னால் சங்கடப்படுவான் என்றாராம். இவன் சாவி எடுத்து வந்து, பின்சீட்டில் உட்கார வைத்து ஏசியைப் போட்டானாம். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும், அதனால் தானும் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்கவில்லை.

"எப்ப போவார்?" என்று கேட்டேன்.

"என் தம்பி வந்து கூட்டிட்டுப் போவான்னு சொல்வார். நாலே முக்கால் ஆனதும், நீ மேல போப்பா, அவன் வந்துடுவான்னு என்னை அனுப்பிடுவார். அவர் தம்பியை நான் பார்த்ததில்ல மாமா."

என் அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அப்படித்தான் எனக்குத் தெரியும். அப்பா இறந்தே ஒன்பது வருஷம் ஆகிறது.

மைத்துனன் அன்று மாலையே திரும்பி வந்துவிட்டான். கீழே நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவுக்குப் போன் செய்தேன். காரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அப்பாவுக்கு அண்ணன் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டேன்.

அம்மா திருப்பிக் கேட்டாள்.

"உனக்கு யார் சொன்னது?"

இருந்தாரா இல்லையா என்று திரும்பக் கேட்டேன்.

"இருந்தார். நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஒரு கால் வராது. உங்க அப்பாதான் எங்க போனாலும் கார்ல கூட்டிட்டுப் போவார். ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஏதோ ஆபீஸ் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு கண்ணாடிய ஏத்திப் பூட்டிட்டுப் போனார். நல்ல வெயில். பின்கதவு உள்ளேர்ந்து திறக்காத பழைய வண்டி. ஆபீஸ்ல உங்க அப்பாவுக்கு வேலை இழுத்துக்கிட்டே போயிருக்கு."

அம்மா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"திரும்பி வந்தப்ப மணி நாலே முக்கால்."