மெதுவா சாரும் விழுந்த சுவரும்

குழியின் குறுக்கே போட்ட பலகையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் கீழே தொங்கவிட்டு, ஒரு செங்கல்லை முறைத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் காது கேட்காது. சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் கேட்கும். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதுதான் வரும். அதனால் வேலையாட்கள் வைத்த பெயர் மெதுவா சார். அந்தப் பெயரைச் சொன்னாலும் கோபிக்க மாட்டார்.

மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தைப் பார்க்கிற படிப்பு படித்தவர். ஐம்பது வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. முழங்காலில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார். பைக்குள் கைவிட்டால் சில்லறைக்குப் பதில் பானை ஓடு வரும். ஒருநாள் கண்டக்டரிடம் அதையே நீட்டிவிட்டார். அந்த ஓடுகளையெல்லாம் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்துக் கழுவுவது என் வேலை. செத்துப்போன என் புருஷனுக்குக்கூட இவ்வளவு பணிவிடை செய்ததில்லை.

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே குயவர்கள் வரிசையாகப் பட்டறை போட்டிருந்தார்களாம். வேலை நடக்கும்போதே பூமி அதிர்ந்து, சுவர் சரிந்து, எல்லாம் ஒரே நாளில் முடிந்தது என்பது இவர் கட்சி. இவர்கூடப் படித்தவர்தான் இப்போது இவருக்கு மேலதிகாரி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மழையில ஊறி விழுந்த சுவருடா. கதை விடாத" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொல்ல இடம் கொடுத்ததும் இவர்தான். முதல் பட்டறையில் விழுந்து கிடந்த செங்கல்லையெல்லாம் இடைஞ்சல் என்று எடுத்து, துடைத்து, ஓரமாக அழகாக அடுக்கவைத்தார். தரை பளிச்சென்று வந்தது. சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது, எதன் மேல் விழுந்தது என்று மேலதிகாரி கேட்டபோது அடுக்கினதைத்தான் காட்ட முடிந்தது. சாட்சியைக் குளிப்பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்ட ஆள்.

அதனால் இந்த இரண்டாவது பட்டறையில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவிடவில்லை. ஒருமுறை வந்த இவர் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பாத்ரூம் சுவரு வாயப் பொளந்து நிக்குது, அதப் பாக்க நேரமில்ல. விழுந்த சுவருக்கு இங்க காவல்!" என்றாள். "அது இன்னும் விழலையே" என்றார் இவர். அவள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனாள்.

செங்கல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன, பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்குகிற மாதிரி. அதிர்ச்சியில் விழுந்தது என்பதற்கு அதுவே போதும் என்றார். இனி அடியில் என்ன என்று பார்க்க வேண்டும். தரையை ஒட்டியே செங்கல் கிடந்தால் வேலை நடக்கும்போது விழுந்தது. நடுவில் காற்றடித்த புழுதி படிந்திருந்தால், ஆட்கள் போய் வெகுகாலம் கழித்து விழுந்தது.

நேற்று வேலையாட்கள் சாப்பிடப் போனபோது முதல் செங்கல்லைத் தூக்கினார். அடியில் நாலைந்து கோணல் கிண்ணங்கள். அவற்றின் மேல் நகக் கனத்துக்குப் புழுதி.

"என்ன தம்பி, புழுதியால்ல இருக்கு?" என்றேன்.

"பூமி ஆடியிருக்கு பெரியம்மா. ஆனா ஆடுறப்ப இங்க யாருமே இல்ல. நல்லதையெல்லாம் எடுத்துக்கிட்டு, கோணலா வெந்தத விட்டுட்டு எப்பவோ போயிட்டாங்க."

"அப்ப பத்து வருஷமா நீ சொன்னது?"

"தப்பு."

"சும்மா ஒரு ஊது ஊதினாப் பறந்துடும். யாரு பாக்கப் போறா? தெரிஞ்சா அந்த மேலதிகாரி உன்னை விட்டுவைப்பாரா? நான் வாயத் தெறக்க மாட்டேன்."

தலையைத் தூக்கினார். "இப்பவே மூடிக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியம்மா. மூச்சுக்காத்து பட்டுடப் போகுது."

போட்டோ எடுக்கிறவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயில் கண்ணக் கூசுது சார். கிண்ணமும் புழுதியும் ஒரே நிறமாத் தெரியுது" என்றார்.

மெதுவா சார் எழுந்து பலகையின் மேல் நின்றார். சட்டையைக் கழற்றி, விலா எலும்பெல்லாம் வெயிலில் தெரிய, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தார். நிழல் சரியாக அந்தப் புழுதியின் மேல் விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தார்.