பனிச்சறுக்கு ஆளின் மூச்சும் நான் போட்ட புல்லியும்

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் ஒரு சோதனைக்கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். படிப்பு எட்டாவது. அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரசர் ரிப்பேர். காற்று சம்பந்தப்பட்ட ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். இங்கே அளந்தது மனுஷன் விடும் காற்றை.

ஒரு மே மாதம் பனிச்சறுக்கு வீரர்கள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். பனியில் மைல் கணக்கில் சறுக்கிப் போகும் பந்தயத்துக்கு நாலு பேரை எடுக்க வேண்டும். பனி இருக்கும் ஊரில் மெஷின் இல்லை. மெஷின் இருக்கும் ஊரில் பனி இல்லை. அதனால் கத்திரி வெயிலில் ஆவடி. மேலிடம் யோசித்துத்தான் செய்திருக்கும்.

1. வேலை

ஆள் டிரெட்மில் பெல்ட்டின் மேல் ஓடுவான். மூக்கில் கிளிப், வாயில் ரப்பர் மவுத்பீஸ். விடும் மூச்சு குழாய் வழியாகப் பைக்குள் போகும். நிமிடத்துக்கு ஒரு பை. பையை மீட்டர் வழியாகக் காலி செய்தால் எத்தனை லிட்டர் என்று காட்டும். டயலைத் திருப்பி வேகத்தைக் கூட்டக் கூட்ட மூச்சும் சீராக ஏறும். ஒரு வேகத்தில் திடீரென்று எகிறும். அதற்கு மேல் ரொம்ப நேரம் தாங்க மாட்டான். அந்த இடத்துக்குச் சோதனைக்கூட டாக்டர் வைத்த பெயர் த்ரெஷோல்டு. கம்ப்ரசரும் அப்படி ஓர் இடத்தில் சத்தம் மாறும். அதற்காக எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

நாலு பேர் மலைநாட்டுக்காரர்கள். ஐந்தாவது அந்தோணி, ஆவடிக்குப் பக்கத்து அண்ணனூர்க்காரன். வேலைக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாகப் பனியைப் பார்த்தான். அங்கேயே சறுக்கப் பழகி டீம் வரைக்கும் வந்துவிட்டான்.

"எங்க ஊட்ல யாரும் நம்பல அண்ணாத்தே. ஐஸ் பாக்டரில வேலையான்னு கேக்குறாங்க" என்றான்.

2. புல்லி

நாலு பேர் ஓடி முடித்தார்கள். நாலு பேருக்கும் டயல் ஏழைத் தாண்டித்தான் மூச்சு எகிறியது. அன்று சாயங்காலம் பெல்ட்டை இழுக்கும் மோட்டார் புல்லி இரண்டாகப் பிளந்தது. வெளிநாட்டுச் சாமான். புதுசு வர ஆறு மாசம். மறுநாள் அந்தோணியின் முறை.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் எஸ்டேட்டில் தெரிந்த லேத்துக்காரனிடம் போனேன். நான் சேர்த்துப் பிடித்தேன். அவன் காலிபர் வைத்து அளந்து புதுசு ஒன்று கடைந்தான்.

"பழசு மாதிரியே கீது பாரு. போட்டுக்கினு போ நைனா" என்றான்.

போட்டேன். ஓடியது. டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

அந்தோணி ஏறினான். டயல் ஏழைத் தொடும் முன்பே மூச்சு எகிறிவிட்டது.

"கடலோரத்து ஆளு. நுரையீரல் அவ்வளவுதான்" என்று டாக்டர் எழுதினார். முந்தின நாளே எழுதியிருப்பார். சோதனை பாக்கி இருந்தது.

அந்தோணி மவுத்பீஸைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "அவ்ளோதானா அண்ணாத்தே? காலு நல்லா கீதே" என்றான். நான் பையை அலசப் போனேன்.

3. டக்

பெல்ட்டின் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' அடிக்கும். டயல் ஆறில் நிமிடத்துக்கு நாற்பது. மெஷின் வந்த புதிதில் எண்ணி மோட்டார் மூடியில் பென்சிலால் எழுதி வைத்தவன் நான்தான். அந்தோணி ஓடும்போதே சத்தம் நெருக்கமாகக் கேட்டது. புதுப் புல்லியின் சத்தம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பெல்ட்டை ஆறில் ஓடவிட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று. திரும்ப எண்ணினேன். அதே நாற்பத்து மூன்று.

உடைந்த துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் சேர்த்து அளந்திருக்கிறோம். புதுப் புல்லி பெரிசு. டயலில் ஆறு என்றாலும் பெல்ட் ஆறரையை நெருங்கி ஓடியிருக்கிறது.

நான் அப்போது டெம்பரரி. வீரர்களைக் கூட்டி வந்த டீம் ஆபீசருக்கு அன்று மத்தியானம் ரயில். வாயை மூடிக்கொண்டால் என் வேலை நிலைக்கும், அந்தோணி டீமை விட்டுப் போவான்.

டாக்டர் அறைக்குப் போனேன். ஆபீசரும் இருந்தார்.

"சார், புல்லி சைஸ் தப்பு. நான் பண்ணின தப்பு. அந்தோணி ஓடினது கணக்கில்ல."

"ரிப்போர்ட் டைப் ஆயிடுச்சுப்பா" என்றார் டாக்டர்.

"பெல்ட் டைப் ஆகல சார். வந்து எண்ணிப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாரமே எனக்குக் கணக்கு முடிந்துவிடும் போலிருந்தது. ஆபீசர் வாட்சைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். வந்து எண்ணினார். நாற்பத்து மூன்று. ரயிலை மறுநாளுக்கு மாற்றச் சொன்னார்.

புல்லியை லேத்துக்கு எடுத்துப் போய் நாற்பது வரும்வரை கடைய வைத்தேன். இரண்டு நடை ஆயிற்று. மறுநாள் காலை அந்தோணி ஓடினான். ஆறு தாண்டியது, ஏழு தாண்டியது. மூச்சு சீராகவே இருந்தது. ஏழரையில்தான் எகிறியது. ஐந்து பேரில் இரண்டாவது.

ரிப்போர்ட்டில் புல்லி வரவில்லை. 'போதிய ஓய்வுக்குப் பின் வீரர் தேறினார்' என்று இருந்தது.

"நா எங்க தேறினேன்? புல்லிதானே தேறிச்சு" என்றான் அந்தோணி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீமோடு வண்டி ஏறினான்.

புல்லி எனக்கு வந்த மெமோவில் இருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளூர்ச் சாமான் பொருத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அதே புல்லியில் அந்த மெஷின் இன்னும் ஒன்பது வருஷம் ஓடியது. டெம்பரரியாகவே நானும் கூட இருந்தேன்.

இந்த வேலைக்கு இப்போது வருபவர்களுக்கு ஒன்று. ஆளை ஏற்றுவதற்கு முன் பெல்ட்டை எண்ணுங்கள். ஒரு நிமிடம் போதும். நான் ஏற்றின பிறகு எண்ணினேன். அவன் இரண்டு நாள் நுரையீரல் இல்லாதவனாக இருந்தான்.