தட்டில் இருந்த இரண்டாவது விரிசல்

ஒரு பெண்ணின் வேலையை நான் பறித்தேன். தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில் மின்னணுச் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், பரிசோதனைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர்.

அவர் டுரியான் துங்கால் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியுமுன்பே பஸ் ஏறி வருவார். பூதக்கண்ணாடி வழியே தட்டுத் தட்டாகச் சிப்களைப் பார்க்கவேண்டும். விரிசலோ வளைந்த கம்பிக்காலோ தெரிந்தால், எடுத்துவிட்டு நல்லதை வைத்துக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான தட்டுகளில் குறையே இருக்காது.

ஒருநாள் அவர் பார்த்த தட்டு ஒன்று அடுத்த பிரிவிலிருந்து திரும்பி வந்தது. ஒரு பழுதை எடுத்து மாற்றியிருந்தார். அதற்கு அடுத்த குழியிலேயே விரிசல் விட்ட இன்னொரு சிப்.

எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஒண்ணப் பாத்த கண்ணுக்குப் பக்கத்துல இருந்தது தெரியலையாம்மா? தூங்கினியா?"

"பாத்தேன் சார். எப்படி விட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியல."

கவனக்குறைவு என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே வேலை போயிற்று.

சில வாரங்கள் கழித்து ஆள் பற்றாமல் நானே மேசையில் உட்கார்ந்தேன். மதியத்துக்குள் கண் ஓய்ந்துவிட்டது. கடைசியில் ஒரு வளைந்த கால் அகப்பட்டது. அப்பாடா என்றிருந்தது. மாற்றிவிட்டுக் கையெழுத்திட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் தட்டை இழுத்துப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்குலா சார். நீங்க தூங்கலையே?"

அதே வரிசையில் இருந்தது. என் கண் அதன்மேல் போகாமல் இருந்திருக்க முடியாது. ஒன்று கிடைத்ததுமே மனம் தேடுவதை விட்டிருக்கிறது.

மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். பழுது கண்ட தட்டை இன்னொருவரும் பார்க்கவேண்டும், மணிக்கொரு முறை கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றேன். இரண்டுக்கும் சம்மதித்தார். அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்க்க மட்டும் மறுத்துவிட்டார்.

தவறு அவருடையதல்ல என்று நானே ஒரு கடிதம் எழுதித் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். அவர் அதை வாங்கவில்லை.

"நீங்க அன்னிக்கு எழுதினத எங்க வீட்டுக்காரரே நம்பிட்டாரு சார். அவருக்குப் படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். கணவர் தலைகுனிந்து கேட்டார். அந்தக் கடிதம் இருந்தும் அந்தப் பெண்ணுக்கு வேறு தொழிற்சாலையில் இடம் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சிப்பைத் தவறவிட்டதற்குக் களைப்பைக் காரணம் சொல்லலாம். பழிபோட ஓர் ஆள் கிடைத்ததும் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டதற்குச் சொல்ல இந்த வயதிலும் என்னிடம் ஒன்றுமில்லை.